கிராணி வீட்டு அரிசி

மலேசியாவில் கோலா சாவா பக்கம் ஒரே தலைவருக்கு ஒரே நாளில் இரண்டு விழா நடக்கும். இரண்டுக்கும் நடுவே ஒரு தார் ரோடுதான். ரோட்டுக்கு இந்தப் பக்கம் நேதாஜி பெயரில் கஞ்சி காய்ச்சுவார்கள். அந்தப் பக்கம் நேதாஜி பெயரில் மேடை போடுவார்கள். கஞ்சிப் பக்கத்தில் அவருடைய படம் கிடையாது. யாரோ கைப்பேசியில் தேடி அச்செடுத்த தாள் ஒன்றைத் தென்னை மரத்தில் ஒட்டியிருப்பார்கள். மேடைப் பக்கத்தில் கண்ணாடிச் சட்டம் போட்ட பழைய படம் இருக்கும், ஆனால் அண்டா கிடையாது. அங்கே பொட்டலச் சோறு. சாதி, மதம், ஊர் எதுவும் பார்க்காமல் எல்லாரையும் ஒரே வரிசையில் நிற்க வைத்த மனிதரின் பெயரில் இந்தக் கூத்து. அவரே திரும்பி வந்து ரோட்டு நடுவில் நின்றால் எந்தப் பக்கம் போவார் என்று கேட்டுப் பாருங்கள். “எங்க பக்கந்தான்” என்று இரண்டு பக்கமும் கூசாமல் சொல்லும்.

லெட்சுமிக்கு இதைப் பார்த்துச் சிரிக்க வழியில்லை. அண்டா இருப்பது அவளுடைய அண்ணன் சுகுமாறன் வீட்டில். படம் இருப்பது அவளுடைய கணவர் பிரேமநாதன் வீட்டில், அதாவது அவள் வீட்டிலேயே. தினமும் காலையில் கூடத்தைக் கூட்டும்போது அந்தப் படத்தைத் துடைப்பவளும் அவள்தான்.

ஆரம்பத்தில் எல்லாம் ஒன்றாகத்தான் இருந்தது. வெள்ளைப்பாலம் தோட்டம் தோட்டமாக இருந்த காலத்தில், லெட்சுமியின் அப்பா வீரமுத்து அங்கே ரப்பர்ப் பாலெடுக்கப் பால்மரம் வெட்டினார். பிரேமநாதனின் அப்பா கனகசுந்தரம், தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதிய கிராணியின் மகன். சிலோன் தமிழர்கள். கிராணி வீட்டுப் படிக்கட்டுக்குக் கீழே நின்றுதான் லயத்து வரிசை வீடுகளில் இருந்த தொழிலாளர்கள் பேச வேண்டும் என்பது அந்தக் கால நியாயம். ஜப்பான்காரன் காலத்தில் இந்த இரண்டு இளவட்டங்களும் வீட்டுக்குச் சொல்லாமல் நேதாஜியின் படையில் சேர்ந்தார்கள். முகாமில் ஒரே வரிசை, ஒரே தகரத் தட்டு. முதல் வாரம் கனகசுந்தரத்துக்குச் சோறு தொண்டையில் இறங்கவில்லையாம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த வீரமுத்துவுக்கும் இறங்கவில்லையாம், கிராணி மகன் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடும் பயத்தில்! பசிதான் இரண்டு பேரையும் வழிக்குக் கொண்டு வந்தது.

சண்டை முடிந்து திரும்பியபோது இந்தியாவுக்குப் போகிற வழியும் தெரியவில்லை, தலைவர் போன வழியும் தெரியவில்லை. கனகசுந்தரம் அப்பாவின் நாற்காலியில் கிராணியாக உட்கார்ந்தார். வீரமுத்து மறுபடியும் மரம் வெட்டப் போனார். ஆனால் தலைவர் பிறந்த தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் கனகசுந்தரம் லயத்துக்கு நடந்து வருவார், கையில் ஒரு பிடி அரிசியோடு. எல்லா வீட்டிலிருந்தும் ஒரு பிடி அரிசி. எல்லாம் ஒரே அண்டாவில் விழும். போட்டவர் பெயர் சொல்லக் கூடாது. எந்த வீட்டு அரிசி உள்ளே போனதோ அந்த வீட்டு ஆட்கள் எல்லாரும் குடிக்காமல் அண்டாவைக் கவிழ்க்கக் கூடாது. இது அந்த இரண்டு பேரும் போட்ட சட்டம்.

பெயர் சொல்லாவிட்டாலும் ஒரு வீட்டு அரிசி மட்டும் எல்லாருக்கும் தெரியும். கிராணி வீட்டில் சாப்பிட்டது சிவப்புக் குத்தரிசி. வெள்ளைக் கஞ்சியில் அது மட்டும் தனியாகத் தெரியும். அது லேசில் வேகாது. அதனால் கிராணி வீட்டு அரிசி விழுந்த பிறகுதான் மற்ற வீட்டு அரிசி விழும். கனகசுந்தரம் வரும்வரை லயமே கையில் அரிசியை வைத்துக்கொண்டு நிற்கும். அந்த அண்டாவுக்கு முன்னால்தான் கிராணி மகன் பிரேமநாதனுக்கும் மரம் வெட்டுகிறவர் மகள் லெட்சுமிக்கும் கல்யாணப் பேச்சு நடந்தது. அதைக் கேட்டு இரண்டு பக்கத்துச் சொந்தமும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டது வேறு கதை.

தோட்டம் வீட்டு மனையாகிப் போன பிறகும் ரோட்டின் இரண்டு பக்கத்திலும் தாமான் என்கிற குடியிருப்பு வீடுகளில் குடியேறியவர்கள் அண்டாவை விடவில்லை. நான்கு வருஷத்துக்கு முன்னால்தான் எல்லாம் உடைந்தது. விழா நடத்தும் மன்றத்தின் கூட்டத்தில் பிரேமநாதன் எழுந்து, இனி மண்டபத்தில் வைப்போம், நாற்காலி போடுவோம், சட்டமன்ற உறுப்பினர் ஒய்.பி.யைக் கூப்பிடுவோம், வெயிலில் நின்று கஞ்சி குடிக்க இளவட்டங்கள் வருவதில்லை என்றார். அதில் தப்பில்லை. அண்டா இல்லாமல் என்ன விழா என்று சுகுமாறன் கேட்டார். அதிலும் தப்பில்லை. இரண்டு பேரும் அதோடு உட்கார்ந்திருக்கலாம். உட்காரவில்லை. பேச்சு தடித்தது. கடைசியில் சுகுமாறன், “சிலோன்காரன் புத்தி எங்க போவும்? எங்ககூட வரிசையில நின்னா கௌரவம் கொறஞ்சிடும்ல!” என்று சொல்லிவிட்டார்.

பிரேமநாதன் சுவரில் இருந்த படத்தைக் கழற்றினார். அது அவர் அப்பா வாங்கி மாட்டியது. அதை அக்குளில் இடுக்கிக்கொண்டு வெளியே போனார். பின்னாலேயே சுகுமாறன் அண்டாவை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனார். வாழ்நாள் முழுக்கத் தலைவர் பெயரைச் சொல்லி வளர்ந்த இரண்டு பேர், அவருடைய சொத்தைப் பாகம் பிரித்துக்கொண்டது அப்படித்தான்.

அதற்குப் பிறகு சுகுமாறன் தங்கச்சி வீட்டில் கை நனைக்கவில்லை. அவள் மகள் நிரஞ்சனாவின் கல்யாணத்துக்கு வந்தார், கடைசி வரிசையில் உட்கார்ந்தார், தாலி கட்டியதும் எழுந்து சாப்பிடாமல் போனார். தாய்மாமன் நிற்க வேண்டிய இடத்தில் ஒன்றுவிட்ட சித்தப்பா ஒருவர் நின்றார். மணமேடையில் லெட்சுமி அழுததைப் பார்த்தவர்கள் மகளைப் பிரியும் துக்கம் என்று நினைத்தார்கள். அது துக்கமே இல்லை, கோபம். புருஷன் மேலும் கோபம், அண்ணன் மேலும் கோபம்.

இப்போது சுகுமாறன் ஊரை விட்டுப் போகிறார். கெமாஸ் ரயிலடியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், மனைவி போன பிறகு தனியாகச் சமைத்துத் தனியாகச் சாப்பிட்டு வந்தார். மகள் ரோகினி ஜொகூர் பாருவில் இருக்கிறாள். வருகிற வியாழக்கிழமை வந்து ஒரேயடியாக அழைத்துக்கொண்டு போகிறாள். இந்த ஞாயிற்றுக்கிழமை கஞ்சிதான் அவருக்கு இங்கே கடைசி. அன்றைக்கும் இரண்டு பேரும் சேரவில்லை என்றால், அடுத்து அவர்கள் ஒரே இடத்தில் நிற்பது இருவரில் ஒருவரின் சாவு வீட்டில்தான் என்று லெட்சுமிக்குத் தெரிந்திருந்தது. அந்த நினைப்பு அவளைத் தூங்க விடவில்லை.

இரண்டு பேரிடமும் கெஞ்சிப் பார்த்தாள். “நான் என்ன கதைக்க? வாயை விட்டது அவர், எடுக்க வேண்டியதும் அவர்தான்,” என்றார் கணவர். போனில் அண்ணன், “நானா படத்த தூக்கிட்டு ஓடுனேன்? அவரு வரட்டும்லா. ரோடு என்னா பூட்டியா கெடக்கு?” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பிரேமநாதன் பாத்திக் சட்டை போட்டு, படத்தைக் காரின் முன் இருக்கையில் சாய்த்து, அதற்கு இடுப்புவார் மாட்டினார். பின் இருக்கையைக் காட்டி, “ஏறு லெட்சுமி,” என்றார்.

“தலை வலிக்குதுங்க. நீங்க போங்க, பின்னால வரேன்.”

கார் திருப்பத்தில் மறைந்ததும் அரிசித் தகரத்தைத் திறந்தாள். ஒரு பிடி குத்தரிசியை அள்ளிக் கைக்குட்டையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த வீட்டு அரிசியை அண்டாவில் போட்டது ஆண்கள்தான், முதலில் மாமனார், பிறகு கணவர். இன்றைக்கு அவள் போட்டுவிட்டால் சட்டப்படி அவள் கணவரும் வந்து குடித்தே தீர வேண்டும். அண்ணன் எதை மீறினாலும் அப்பா போட்ட சட்டத்தை மீற மாட்டார். அவள் யோசனை அவ்வளவுதான். அதற்கு மேல் அவள் யோசிக்கவில்லை.

ரோட்டைத் தாண்டி அவள் போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறிவிட்டது. அண்ணன் வீட்டுக்கு முன்னால் கூடாரத் துணிக்குக் கீழே மூன்று கல் வைத்த அடுப்பில் அண்டா கொதித்துக்கொண்டிருந்தது. ஜனங்கள் பாசார் சந்தையில் வாங்கிய பிளாஸ்டிக் கிண்ணங்களோடு காத்திருந்தார்கள். எதிர் வீட்டு மலாய்க்கார அக்கா காக் ஜமிலாகூடக் காலையிலேயே தன் பங்குக்கு ஒரு பிடி போட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். யாரோ எவரோ எல்லாம் போடலாம், கூடப் பிறந்தவள்தான் திருட்டுத்தனமாகப் போட வேண்டியிருக்கிறது.

“லெட்சுமியா! வா வா. இப்ப எறக்கிடலாம், வெந்துருச்சு,” என்றாள் பக்கத்து வீட்டுப் பஞ்சாலை. தாமானிலேயே பெரிய குரல் அவளுடையது.

சுகுமாறன் தங்கச்சியைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார். கிண்டுவதை நிறுத்திவிட்டு உப்பு எடுக்க உள்ளே போனார். லெட்சுமி அண்டாவிடம் போனாள், முடிச்சை அவிழ்த்தாள், கொட்டினாள்.

அரிசி உள்ளே விழுந்த பிறகுதான் உறைத்தது. வெள்ளை அரிசி வெந்து குழைந்துவிட்டது. இதைப் போடுவதற்கான நேரம் காலையிலேயே போய்விட்டது. கிராணி வீட்டு அரிசிதான் முதலில் விழ வேண்டும் என்பது ஊருக்கே தெரிந்த விஷயம், அந்த வீட்டு மருமகளுக்கு மறந்துவிட்டது!

சுகுமாறன் வந்தார், உப்பைப் போட்டார், துடுப்பை விட்டு ஒரு சுற்றுக் கிண்டினார். அடியிலிருந்து சிவப்பாக மேலே வந்தது. துடுப்பு நின்றது. அவர் நிமிர்ந்து தங்கச்சியைப் பார்த்தார். அவள் தென்னை மரத்தில் ஒட்டியிருந்த தலைவரைப் பார்த்தாள். அவரும் கைகொடுக்கிற மாதிரித் தெரியவில்லை.

எட்டிப் பார்த்த பஞ்சாலை அலறினாள். “ஐயோ, இது கிராணி வூட்டு அரிசியில்ல? இப்பப் போட்டா எப்ப வேவுறது? அண்ணே, அது பாட்டுக்கு அடியில கெடக்கட்டும். மேலால மோந்து ஊத்துங்க. ஜனம் பசியில நிக்குதுலா.”

“கெடக்கட்டும்னா என்னா அர்த்தம்?” என்றார் சுகுமாறன். “அரிசி உள்ள வந்தாச்சு. வேவட்டும்.”

ஒரு குடம் தண்ணீரை அண்டாவில் ஊற்றினார். குனிந்து பால்மரக் கட்டை ஒன்றை அடுப்புக்குள் தள்ளினார். யார் போட்டது என்று கேட்கவில்லை.

ஜனங்கள் முணுமுணுத்தார்கள். சிலர் வெறும் கிண்ணத்தோடு மெல்ல ரோட்டைத் தாண்டினார்கள், அங்கே பொட்டலம் கொடுக்க ஆரம்பித்திருப்பார்கள் என்று. மண்டபத்து ஒலிபெருக்கியில் யாரோ ஒற்றுமையைப் பற்றிப் பேசுவது இங்கே கேட்டது. ஒற்றுமை நம் உயிர், ஒற்றுமை நம் மூச்சு என்று அந்தக் குரல் ஏறி இறங்கியது. லெட்சுமிக்கு அழுகை முட்டியது. சேர்த்து வைக்கலாம் என்று வந்தவள், இருந்த கூட்டத்தையும் கலைத்துவிட்டாள். அண்ணனின் கடைசிக் கஞ்சியையும் பாழாக்கிவிட்டாள்.

அவர் பக்கத்தில் போய் நின்றாள். “அண்ணே, தப்புப் பண்ணிட்டேன். மொதல்ல போடணும்னு நெனப்பே வரல.”

அவர் கிண்டிக்கொண்டே இருந்தார். புகையில் கண் சிவந்திருந்தது. “நாலு வருசமா கஞ்சி வெள்ளையா இருந்திச்சு,” என்றார் மெதுவாக. “நல்லா இருக்கு நல்லா இருக்குன்னு எல்லாரும் குடிச்சாங்க. எனக்குத்தான் தொண்டையில எறங்கல.”

“அப்ப வந்து ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?”

“காலு வரணுமே.”

பொட்டலத்துக்குப் போனவர்கள் சும்மா போகவில்லை. கிராணி வீட்டு அரிசி அண்டாவில் விழுந்துவிட்டது, வேகாமல் கிடக்கிறது, சுகுமாறன் அண்டாவை இறக்க மாட்டேன் என்கிறார் என்று சுடச்சுடச் செய்தி போட்டுவிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் பிரேமநாதன் ரோட்டைத் தாண்டி வந்தார், சட்டையில் குத்திய வரவேற்புக் குழு அட்டையோடு, வேர்க்க விறுவிறுக்க. யார் முகத்தையும் பார்க்கவில்லை. நேராக அண்டாவுக்குப் போய் உள்ளே எட்டிப் பார்த்தார். வெளியாட்களிடம் எல்லாரையும் போலப் பேசுகிற மனிதர், கோபம் வந்தால் மட்டும் அவர் அப்பாவின் சிலோன் பேச்சு வெளியே வந்துவிடும்.

“ஆர் இதை இப்ப கொண்டு வந்து போட்டது? எங்கட அரிசியை முதல்ல போடோணும் எண்டு தெரியாதே? வெள்ளை அரிசி கரைஞ்சு கூழாப் போச்சு, இது கல்லு மாதிரிக் கிடக்கு!”

“மொதல்ல போடணும்னா மொதல்ல வரணும், மாப்ள,” என்றார் சுகுமாறன்.

நான்கு வருஷமாக அந்த ‘மாப்ள’ கேட்கவில்லை. பிரேமநாதன் திறந்த வாயை மூடவில்லை. யாரோ சிரித்தார்கள். பஞ்சாலை திரும்பி முறைத்ததும் சிரிப்பு நின்றது.

சுகுமாறன் துடுப்பை அண்டாவில் சாய்த்து வைத்துவிட்டு, கையைக் கைலியில் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து நின்றார்.

“அன்னிக்குக் கூட்டத்துல வச்சித்தான் சொன்னேன். அதனால ஆளுங்க இருக்கறப்பவே சொல்றேன். அந்த வார்த்த தப்பு. எங்கப்பா காதுல வுழுந்திருந்தா என் பல்லத் தட்டியிருப்பாரு. உங்கப்பா லயத்துக்கு எறங்கி வந்து மொதப் புடி அரிசி போடலன்னா இந்த அண்டா அடுப்புல ஏறியிருக்காது. வியாழக்கெழம ஜொகூருக்குப் போறேன். அந்த வார்த்தையத் தூக்கிக்கிட்டுப் போவ என்னால முடியாது, மாப்ள.”

நான்கு வருஷமாகப் பிரேமநாதன் மனசுக்குள் எழுதி வைத்திருந்த பதில்கள் எல்லாம் சண்டைக்கானவை, இதற்கு ஒன்றுகூட உதவாது. அண்டாவைப் பார்த்தார். துடுப்பை எடுத்து ஒரு சிவப்பு அரிசியை மேலே கொண்டு வந்து, ஊதி, விரலால் நசுக்கிப் பார்த்தார்.

“இன்னும் வேகேல்லை,” என்றார். “கட்டையை வெளிய இழுங்கோ, மச்சான். இந்த எரிப்புக்கு அடி பிடிச்சிரும்.”

சுகுமாறன் கட்டையை இழுத்தார். பிரேமநாதன் சட்டையிலிருந்த அட்டையைக் கழற்றிப் பாக்கெட்டில் போட்டுவிட்டுக் கிண்ட ஆரம்பித்தார். லெட்சுமி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். புகை என்று யாராவது நினைத்துக்கொள்ளட்டும்.

“அங்க ஒய்.பி. இருக்காரே, மாப்ள?”

“பேசுறார். அவர் முடிக்கிறதுக்குள்ள இது வெந்திரும்.”

அப்படியேதான் ஆனது. அரிசி வெந்த நேரத்தில் ஒலிபெருக்கி ஓய்ந்தது. பிரேமநாதன் போய்ப் படத்தைக் கொண்டு வந்தார். பின்னாலேயே பாதி மண்டபம் வந்தது, கையில் பொட்டலத்தோடு. தென்னை மரத்துக் காகிதத்துக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியில் படத்தை வைத்து விளக்கேற்றினார்கள். வயதான ஒருவர் பழக்க தோஷத்தில் “ஜெய்ஹிந்த்!” என்று சத்தமாகச் சொல்லிவிட்டு வெட்கப்பட்டார்.

உண்மையைச் சொன்னால், அந்த வருஷக் கஞ்சி நன்றாகவே இல்லை. வெள்ளை அரிசி பசையாகப் போய்விட்டது, சிவப்பு அரிசி பல்லில் கடிபட்டது, தண்ணீர் கூடி உப்பும் பற்றவில்லை. இளவட்டங்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்தார்கள். காக் ஜமிலா மட்டும் “செடாப், செடாப்” என்று மரியாதைக்குப் பாராட்டினாள். பிரேமநாதனும் சுகுமாறனும் அடுப்பின் இரண்டு பக்கமும் நின்று, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், கிண்ணத்தைச் சுத்தமாக வழித்துக் குடித்தார்கள். அதைப் பார்த்த பிறகு லெட்சுமிக்குப் பசி எடுத்தது. அவளும் குடித்தாள். வாயில் கடிபட்ட அரிசியை அவசரப்படாமல் மென்றாள்.

எல்லாரும் போன பிறகு சுகுமாறன் அண்டாவைக் கழுவிக் கவிழ்த்தார். “இத நான் எங்க தூக்கிட்டுப் போறது? ரோகினி வூடு பத்தாவது மாடி. ஒங்ககிட்டயே இருக்கட்டும், மாப்ள. அடுத்த வருசம் ஒங்க அரிசி மொதல்ல வுழும்.”

“நீங்களும் வரோணும்.”

“பஸ்ஸு ஓடுதுல. வராம எங்க போறேன்?”

பிரேமநாதனின் வெள்ளைக் காரை அவர் எப்படிப் பார்த்துக்கொள்வார் என்று தாமானுக்கே தெரியும். மழைக்காலத்தில் செருப்போடு ஏற விடமாட்டார். அந்தக் காரின் பின் இருக்கையில் கரி பிடித்த அண்டாவை அவரே தூக்கி வைத்தார். முன் இருக்கையில் படம், இடுப்புவாரோடு. மிச்ச விறகும் துடுப்பும் பாத்திரங்களும் மீதி இடத்தை அடைத்துக்கொண்டன. லெட்சுமிக்குக் காரில் இடமில்லை.

“நீ நடந்து வா,” என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

“தனியாவா போவ? இரு,” என்று சுகுமாறன் கைலியை இறக்கி விட்டுக்கொண்டு கிளம்பினார். அண்ணனும் தங்கச்சியும் ரோட்டைத் தாண்டினார்கள். வழியில் அவர் ரோகினி வீட்டு மின்தூக்கி அடிக்கடி கெட்டுப்போவதைப் பற்றிப் பேசினார். அவள் நிரஞ்சனா மாசமாக இருப்பதைச் சொன்னாள். அவர் நடையை நிறுத்தி, “எப்ப சொல்றா பாரு,” என்று திட்டினார்.

வீட்டு வாசல் வந்தது. வழக்கமாகக் கேட்டுக்கு வெளியிலேயே அவர் திரும்பிவிடுவார். இன்றைக்கும் அப்படித்தான் என்று நினைத்து லெட்சுமி திரும்பிப் பார்த்தாள். சுகுமாறன் குனிந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

“தண்ணி குடும்மா,” என்றார். “கஞ்சி சரியில்ல, இன்னும் பசிக்குது. சோறு என்னா வச்சிருக்க?”